மாலை அரைமணி நேரத்துக்கு ஒரு தோட்டம்



ஒரு தோட்டத்து மண்டபத்தில் காய்கறி வளர்ப்பு பற்றிய விளக்கக் கூட்டம் நடந்தது. பேச வந்தவர் நன்றாகவே பேசினார். பாத்தி கட்ட வேண்டும், நாற்று விட வேண்டும், இரு வேளையும் நீர் ஊற்ற வேண்டும், வாரந்தோறும் களை பறிக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். "ஐயா, விடியுமுன்னே பெரட்டுக்குப் போறோம். வந்து சமைச்சு, துணி துவைச்சு, பிள்ளைகளைப் பார்த்து முடிக்கறதுக்குள்ளே இருட்டிடுது. நீங்க சொல்ற தோட்டத்துக்கு நாங்க இன்னொரு பெரட்டு நிக்கணும் போல இருக்கே!" என்றார்.

கூட்டம் சிரித்தது. ஆனால் அது சிரித்துவிட்டு மறந்துவிட வேண்டிய கேள்வி அல்ல. ஆசையோடு பாத்தி போடுகிறோம். ஒரு மாதத்தில் புல் மூடிவிடுகிறது. "நமக்கு ராசியில்லை" என்று விட்டுவிடுகிறோம். குறை ராசியில் இல்லை, நேயர்களே. நமக்கு இருக்கும் நேரத்துக்கு ஏற்ற தோட்டத்தை நாம் அமைக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டோரத்தில் பயிர் வைப்பது நமக்குப் புதிதன்று. போருக்கு முந்திய மலாயாவின் தொழிலாளர் சட்டமே, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தை ஒதுக்க வேண்டும் என்று கூறியது. அது சுமார் 2,700 சதுர அடி. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காத நாளில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான் பல குடும்பங்களின் உயிரைக் காத்தன. பிறகு 1974-ஆம் ஆண்டில், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, பசுமைப் புத்தகத் திட்டம் வந்தது. வீட்டுக்கு வேண்டிய காய்கறியை வீட்டிலேயே விளைவிக்க அது மக்களைத் தூண்டியது. இன்று எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பலர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நிலம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வாசலோரம் நாலு முழ இடம் இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் நாலு வாளி போதும்.

முதல் பாடத்தை நாம் வேலை செய்யும் இடத்திலேயே கற்றுக்கொள்ளலாம். ரப்பர் கன்றோ செம்பனைக் கன்றோ நட்ட புதுக்காட்டைப் பார்த்திருப்பீர்கள். வரிசைகளுக்கு இடையில் பயற்றுக்கொடியைப் படரவிடுகிறார்கள். எதற்காக? கொடி தரையை மூடிக்கொண்டால் புல் எழும்பாது. மழை மண்ணை அரிக்காது. கொடியின் வேரில் இருக்கும் சிறு முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். பெரிய தோட்டம் ஆள்கூலியை மிச்சப்படுத்தச் செய்யும் இந்த வேலையை, நாம் நம் இடுப்புவலியை மிச்சப்படுத்தச் செய்யக்கூடாதா?

நம் பாத்திக்குக் கொடி வேண்டாம். காய்ந்த இலை, வெட்டிய புல், வாழைச் சருகு இவை போதும். செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி இரண்டு விரல் இடம் விடுங்கள். இல்லையேல் தண்டு அழுகும். இந்த மூடாக்கு வெயிலில் ஈரத்தைக் காக்கும், புல்லை அடக்கும், மக்கி உரமாகவும் ஆகும். சருகு தாழத் தாழ மேலே போட்டு வந்தால் சரி. விதையோடு இருக்கும் புல்லை மட்டும் போடாதீர்கள். அது நீங்களே களையை விதைத்ததாகிவிடும்.

இரண்டாவது பாடம், எதை வைப்பது என்பது. சாவி, கோபிஸ் போன்றவற்றுக்கு நாள்தோறும் பார்வை வேண்டும். நேரம் இல்லாதவர்கள், ஒருமுறை வைத்தால் பல நாள் தரும் பயிரைத் தேட வேண்டும். முதலில் முருங்கை. கைத்தடிமனுள்ள போத்தை மூன்றடி நீளத்துக்கு வெட்டி, நீர் தேங்காத இடத்தில் நடுங்கள். அது உயரமாகப் போகவிடாமல் நெஞ்சளவில் வெட்டிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் துளிர்த்துக்கொண்டே இருக்கும். அடுத்தது சாயூர் மானிஸ். தவசிக்கீரை என்றும் சொல்வார்கள். பென்சில் கனமுள்ள குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஊன்றினால் போதும். வெட்ட வெட்டத் தழைக்கும். இந்தக் கீரையைச் சமைத்தே உண்ண வேண்டும். 1990-களில் தைவானில் உடல் இளைப்பதற்காக இதைப் பச்சையாகச் சாறு பிழிந்து குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று.

ஈரமான இடம் இருந்தால் கங்கோங் வையுங்கள். கடையில் வாங்கிய கட்டிலேயே முற்றிய தண்டுகளைக் கணுவோடு ஊன்றினால் வேர் பிடிக்கும். செராய், பாண்டான், லெங்குவாஸ், மஞ்சள் இவை வேலியோரத்தில் தாமாகவே பெருகும். கறிவேப்பிலை வேரிலிருந்து முளைக்கும் பக்கக்கன்றை வேரோடு எடுத்து நடலாம். வெயில் குறைந்த ஈர மூலையில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் படரும். கீரை தினம் ஒரு கைப்பிடி சோற்றோடு சேர்ந்தால் பிள்ளைகளின் கண்ணுக்கும் இரத்தத்துக்கும் நல்லது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம் பாட்டன்மார் சொல்வார்கள். அது தமிழ்நாட்டு மழைக்குச் சொன்னது. இங்கே ஆண்டு முழுவதும் மழை உண்டு. இங்குள்ள தொல்லை வறட்சியைக் காட்டிலும் அதிக மழைதான். அது மண்ணின் சத்தைக் கரைத்துக்கொண்டு போய், மண்ணைப் புளிப்பாக்கிவிடுகிறது. ஆகவே பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். மக்கிய மாட்டெருவும், அவ்வப்போது ஒரு கைப்பிடி விறகுச் சாம்பலும் போடுங்கள். பிளாஸ்டிக்கோ சாயம் பூசிய பலகையோ எரித்த சாம்பல் ஆகாது.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். மருந்தடிக்கும் வேலையில் மிஞ்சிய காலிக் கலன்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் பிடிக்கவும் செடி வைக்கவும் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. அது கூடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கலன் ஸ்டோருக்கே திரும்பிப் போக வேண்டும். பராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வேறு களைக்கொல்லிகள் இருக்கவே செய்கின்றன. மருந்தடித்துவிட்டு வந்தவர் குளித்து உடை மாற்றாமல் கீரை பறிக்க வேண்டாம். வீட்டருகே மருந்து அடிக்கப்போகிறார்கள் என்றால், பாத்தி இருப்பதை முன்கூட்டியே மண்டோரிடம் சொல்லிவையுங்கள். பாத்தி மேல் மருந்துச் சாரல் விழுந்தால் அந்தக் கீரையைச் சமைக்காதீர்கள். கீரை மிச்சப்படுத்தும் காசைவிடப் பிள்ளையின் உயிர் பெரிதல்லவா?

அதேபோல் பூந்தொட்டித் தட்டிலும் வாளியிலும் நீர் தேங்கவிடாதீர்கள். டிங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள்.

இனி, விளக்கக் கூட்டங்களுக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்கும் வருவோம். விவசாய இலாகாவுக்கு மாவட்டந்தோறும் அலுவலகம் உண்டு. எங்காவது காய்கறிப் பயிற்சி நடக்கிறதா என்று அங்கே விசாரிக்கலாம். செர்டாங்கில் நடைபெறும் மஹா விவசாயக் கண்காட்சிக்குப் போனால் பலவகைப் பயிர்களை நேரிலே காணலாம். ஆனால் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் மட்டும் பயன் இல்லை. போகும்போது ஒரு கேள்வியோடு போங்கள். மிளகாய் இலை சுருண்டால் அந்த இலையைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் மண்ணில் ஒரு பிடி கொண்டுபோங்கள். நூறு வார்த்தை சொல்வதைவிட அந்த இலையும் மண்ணும் தெளிவாகப் பேசும். பேச்சு மலாயில் இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். பள்ளியில் படிக்கும் மகனையோ மகளையோ அழைத்துப் போங்கள்; பிள்ளை மொழிபெயர்க்கட்டும், நீங்கள் கேளுங்கள். அதில் உங்களுக்கு வெட்கமில்லை, பிள்ளைக்குப் பெருமையுண்டு.

கேட்டதை எல்லாம் ஒரே நாளில் செய்யப் புறப்படாதீர்கள். ஒன்றே ஒன்றை எடுத்து ஒரு மூலையில் செய்து பாருங்கள். ஒரு பாத்திக்குச் சருகு போடுங்கள், பக்கத்துப் பாத்திக்குப் போடாமல் விடுங்கள். ஒரு மாதத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது உங்கள் மண்ணுக்கு ஏற்றது என்பதை அந்தப் பாத்தியே சொல்லிவிடும். சொன்னவர் எவ்வளவு படித்தவரானாலும் உங்கள் வாசலின் வெயிலும் மழையும் அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். பலன் கண்டால் அண்டை வீட்டாருக்கு ஒரு போத்து வெட்டிக் கொடுங்கள். பத்து வீட்டில் முருங்கை நின்றால், ஒரு வீட்டில் மரம் சாய்ந்தாலும் மறுபடி நடப் போத்து இருக்கும்.

மண்டபத்தில் எழுந்து நின்ற அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். அம்மா, உங்களுக்கு இன்னொரு பெரட்டு வேண்டாம். இந்த வாரம் ஒரு முருங்கைப் போத்து, அடுத்த வாரம் நாலு சாயூர் மானிஸ் குச்சி, அதற்கு மேல் கொஞ்சம் சருகு. மாலையில் அரைமணி நேரம், வாரத்தில் இரண்டு நாள். மற்றதை மழையும் மண்ணும் பார்த்துக்கொள்ளும்.