முழுமதியின் பெயர்கள்



2018 சனவரி 31, தைப்பூசத் திருநாள். அன்றிரவு 8.51 மணிக்கு முழுமதி புவியின் நிழலுள் முற்றாகப் புகுந்து சிவந்தது. 76 நிமிடம் அவ்வாறே நின்றது. ஆங்கில வழக்கைப் பின்பற்றி நம்மவரும் அதனைச் ‘சூப்பர் நீல இரத்த நிலா’ என்றனர். தைப்பூச நிலவு என்னும் பெயரையும் சேர்த்தால், ஒரே மதிக்கு நான்கு பெயர்கள். ஒவ்வொரு பெயரும் எதனைச் சுட்டுகிறது?

‘இரத்தம்’ நிறத்தைச் சுட்டும். கதிரொளி புவியின் காற்று மண்டலத்தைக் கடக்கையில் நீலம் சிதறிவிட, செவ்வொளியே வளைந்து சென்று நிலவில் படிகிறது. ‘சூப்பர்’ தொலைவைச் சுட்டும். நிலவின் பாதை நீள்வட்டமாதலின், முதல்நாள் அது ஏறத்தாழ 3,59,000 கிலோமீட்டர் அளவிற்கு நெருங்கியிருந்தது; சேய்மையிலோ 4,06,000 கிலோமீட்டர் வரை விலகும். ‘நீலம்’ நிறத்தைச் சுட்டுவதன்று. முழுமதி மீள ஏறத்தாழ 29½ நாள் ஆகும். அவ்வாண்டு சனவரி 2 அன்றே ஒரு முழுமதி வந்துவிட்டது. ஒரே மாதத்தில் இரண்டாவதாக வந்தமையால் இப்பெயர். இதற்குக் காரணம் நாட்காட்டியே. வானில் மாற்றம் யாதுமில்லை.

‘தைப்பூசம்’ மதி நிற்கும் இடத்தைச் சுட்டும். முழுமதி கதிரவனுக்கு நேர் எதிரே நிற்பது. தையில் கதிரவன் மகரத்தில் இருக்க, மதி எதிர்ப்புறத்துக் கடகத்தில், பூச விண்மீனை ஒட்டி நிற்கிறது. வைகாசி விசாகமும் பங்குனி உத்திரமும் திருக்கார்த்திகையும் இம்முறையில் அமைந்தனவே. மாதமும் விண்மீனும் இணைந்த இப்பெயர்களில் காரணமும் அடங்கியுள்ளது.

‘பூசம் என்றால் என்ன?’ என்று நாம் வகுப்பறைகளில் வினவியதுண்டு. காவடி, பால்குடம், விடுமுறை என விடைகள் வந்தன. விண்மீன் என்னும் விடை அரிதாகவே வந்தது. சொல் நம்மிடம் இருக்கிறது, பொருள் நழுவிக்கொண்டிருக்கிறது. மலாய்மொழியின் ‘புலான்’ போலவே நம் ‘திங்கள்’ நிலவையும் மாதத்தையும் ஒருங்கே குறிப்பதையும் வகுப்பில் உணர்த்தலாமே!

புதுச்சொற்களை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. செந்நிலா, அண்மை நிலா என்பன பொருள் விளங்கும் ஆக்கங்கள். ‘நீல நிலா’ மட்டும் மாணவரை மயக்கும். அதனை ‘மாதத்தின் இரண்டாம் முழுமதி’ என்போம்.

பூசம் மங்கலான மீன்கூட்டம். முழுமதியின் ஒளியில், அதுவும் இந்நகர விளக்குகளிடையே, அது கண்ணுக்குப் புலப்படாது. கண் காணாத அதனை நம் மொழி காட்டுகிறது. அடுத்த தைப்பூச மாலையில், மேற்கே கதிரவன் மறையக் கிழக்கே மதி எழுவதை மாணவருக்குக் காட்டுங்கள். பெயரின் பொருளை அவர்களே கூறுவர்.