வென்றவர் நீதியும் நிலையான நீதிமன்றமும்



போர் முடிந்தபின் தோற்றவனை வென்றவன் என்ன செய்யலாம்? நெடுங்காலம் இவ்வினாவுக்கு வாளே விடை கூறி வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945-ஆம் ஆண்டில்தான், பகை நாட்டுத் தலைவர்களை நீதிபதிகளின் முன் நிறுத்துவதென்று வென்ற நாடுகள் துணிந்தன. ஜெர்மானியத் தலைவர்களுக்கு நியூரம்பர்க் நகரிலும், ஜப்பானியத் தலைவர்களுக்கு டோக்கியோவிலும் விசாரணை நடந்தது. டோக்கியோ மன்றத்தில் வீற்றிருந்த பதினொரு நீதிபதிகளுள் ஒருவர் இந்தியர். உலகுக்கு நிலையான போர்க்குற்ற நீதிமன்றம் வேண்டுமா என்னும் வாதத்தை அவர் வழியாகவே அணுகுவது நமக்கு எளிது.

அவர் பெயர் ராதாபினோத் பால். வங்காளத்துச் சிற்றூர் ஒன்றில் 1886-ஆம் ஆண்டு பிறந்தவர். சட்டத்துறைக்கு வருமுன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். (ஆசிரியத் தொழிலில் காலங்கழித்த எனக்கு இதில் சிறிது பெருமை உண்டு.) பின்னர்க் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். 1948 நவம்பரில் டோக்கியோ மன்றம் தீர்ப்புரைத்தபோது, குற்றவாளிகள் என முடிவு செய்யப்பட்டோர் இருபத்தைவர்; அவருள் எழுவருக்குத் தூக்கு. பால் மட்டும் அனைவரையும் எல்லாக் குற்றச்சாட்டினின்றும் விடுவிக்க வேண்டுமென்று ஆயிரம் பக்கங்களுக்கு மேல் மறுப்புத் தீர்ப்பு எழுதினார்.

அவர் கூறிய காரணங்கள் யாவை? பிற நாட்டின்மேல் படையெடுப்பது தனி மனிதர்க்குரிய குற்றம் என எந்தச் சட்டமும் அந்நாளில் வரையறுக்கவில்லை. செயல் நடந்தபின் சட்டம் இயற்றித் தண்டிப்பது நீதியாகாது என்றார். மேலும், குற்றக் கூண்டில் தோற்றவர் மட்டுமே நின்றனர். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீசியவரை வினவுவார் ஒருவரும் இலர். எங்கள் ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒருவன் மாடு இன்னொருவன் பருத்திக் காட்டில் இறங்கி மேய்ந்துவிட்டால், வழக்கைத் தீர்க்கப் பொது மனிதர் ஒருவரை அழைப்பார்களேயன்றிக் காட்டுக்காரனையே நடுவனாக்க மாட்டார்கள். பாலின் வாதத்தின் சாரமும் இதுவே.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. ஜப்பானியப் படை கொடுமையே செய்யவில்லையென்று பால் எழுதவில்லை. கொடுமைகள் நடந்தமைக்குச் சான்று மிகுதியாக உண்டென்றே எழுதினார். அவரைத் தம் நாட்டின் குற்றமின்மைக்குச் சாட்சியாகக் காட்டும் ஜப்பானியர் சிலர் இப்பகுதியை விட்டுவிட்டுப் படிக்கின்றனர்.

அக்கொடுமைகளுள் ஒன்று தமிழரைச் சார்ந்தது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டினூடே சுமார் 415 கிலோமீட்டர் ரயில்பாதையை ஜப்பானியப் படை அமைத்தது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் பன்னீராயிரவர் அதில் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் அதனினும் பன்மடங்காக மாண்டனர். வாந்திபேதியும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. போருக்குப்பின் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்கள் அமர்ந்தன. எனினும் அப்பாதை பற்றிய வழக்குகளில் பெரும்பாலானவை கைதிகள் பட்ட துன்பத்தைப் பற்றியவை. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் பெயர்ப் பட்டியலும் இல்லை.

கணவனை இழந்த கண்ணகிக்குப் பாண்டியன் வாயில் திறந்தது. நீதிபதியும் பிரதிவாதியும் தானே என்ற நிலையிலும் அவ்வரசன் வழக்கைக் கேட்டான். தன் பிழையை உணர்ந்து உயிரையும் விட்டான். மலாயாத் தோட்டத்தில் தாலியிழந்த பெண்ணுக்குத் தட்டுவதற்கு எந்த வாயில் இருந்தது? வென்றவர் அமைத்த மன்றம் வென்றவருடைய இறந்தோரையே முதலில் எண்ணும். ஆகவே நிலையான மன்றம் ஒன்று வேண்டுமென்பதற்குப் பாலின் மறுப்பைவிட இத்தொழிலாளரின் மௌனம் வலிய காரணம் என்பது என் கருத்து.

அத்தகைய மன்றத்தைப் பற்றி ஆராயுமாறு 1948-லேயே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தன் சர்வதேசச் சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. 1954-ல் அம்முயற்சி கிடப்பில் போடப்பட்டது. ஏன் தெரியுமா? ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொல்லுக்கு நாடுகள் ஒத்துக்கொள்ளும் பொருள் கிடைக்கவில்லை. பால் சுட்டிய அதே இடைவெளி! அப்பொழுது அவரும் அவ்வாணையத்தில் உறுப்பினராக இருந்தார். பனிப்போர் முடியும்வரை பணி நகரவில்லை. இறுதியில் 1998 ஜூலை 17 அன்று ரோம் நகரில் உடன்படிக்கை நிறைவேறியது. 120 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன, 21 வாக்களியாது இருந்தன. 2002-ல் ஹேக் நகரில் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் பிறந்தது. (அதே நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தோடு இதனைக் குழப்பிக் கொள்ளாதீர்கள், அது நாடுகளுக்கிடையே உள்ள வழக்கைத் தீர்ப்பது, இது தனி மனிதரை விசாரிப்பது.) உடன்படிக்கை பிறக்குமுன் நடந்த குற்றத்தை இம்மன்றம் தொடாது. பாதிக்கப்பட்டோர் வழக்கறிஞர் மூலம் பேசலாம், இழப்பீடும் கோரலாம். டோக்கியோவில் இவ்வுரிமை இருந்ததில்லை.

வாக்களியாத இருபத்தொன்றில் இந்தியாவும் ஒன்று. அணுவாயுதப் பயன்பாட்டையும் போர்க்குற்றமாக எழுதுங்கள் என்று நம் தூதுக்குழு கேட்டது, அது ஏற்கப்படவில்லை. பொக்ரானில் நாமே அணுவெடி சோதித்து இரண்டு மாதமே ஆகியிருந்ததால் சிலர் நகைத்தனர். எனினும் அக்கோரிக்கையில் பாலின் குரல் ஒலித்ததை மறுக்க முடியாது. பாதுகாப்புச் சபைக்கு அளித்த அதிகாரத்தையும் இந்தியா எதிர்த்தது. அவ்வெதிர்ப்பு வெறும் சாக்கன்று. அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகிய மூன்றும் நீதிமன்றத்தில் சேரவில்லை. ஆயினும் சபையில் அமர்ந்து, சேராத பிற நாடுகளின் வழக்கை அனுப்ப அவை வாக்களிக்கலாம். 2005-ல் சூடானின் டார்ஃபூர், 2011-ல் லிபியா அவ்வாறே அனுப்பப்பட்டன. 2009-ல் ஈழத்தில் நடந்ததைப் பற்றி அச்சபை ஒன்றும் அனுப்பவில்லை; இலங்கையும் உடன்படிக்கையில் சேரவில்லை.

குறைகள் மெய்யே. ஆனால் அவை அசையாதவை அல்ல. ஆக்கிரமிப்புக்கு 2010-ல் கம்பாலா நகரில் உறுப்பு நாடுகள் வரையறை தந்தன. 2018-ல் அது நடைமுறைக்கு வந்தது. வல்லரசின் தலைவரும் கூண்டுக்கு உரியவரே என்று 2023-ல் ரஷ்ய அதிபர் புதின் மீது பிறந்த கைதாணை அறிவித்தது; அவர் பிடிபடவில்லை என்பது வேறு செய்தி. உடன்படிக்கையைத் திருத்தப் பிரேரணை கொணரும் உரிமை உறுப்பு நாடுகளுக்கே உண்டு. நீதிபதிகள் பதினெண்மரும் உறுப்பு நாட்டுக் குடிமக்களாகவே இருத்தல் வேண்டும். ராதாபினோத் பால் போன்ற ஒருவர் இன்று நம்மிடையே இருப்பினும், இந்தியா சேராதவரை அவர் ஹேக்கில் அமர்ந்து ஒரு மறுப்புத் தீர்ப்பேனும் எழுத இயலாது.