கல்லையும் காப்போம், கடைக்காரனையும் காப்போம்

(நயினார்கோவிலில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மிளகாய் பறிக்கும் கூலியைப் பற்றிப் பேச வந்த நாம், மதுரைப் புதுமண்டபத்தைப் பற்றியும் சில வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. “கண்மாய் தூர்ந்து கிடக்கும்போது பழைய கட்டிடத்துக்குச் சர்க்கார் பணம் எதற்கு?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கே பதில் சொல்கிறோம்.

புதுமண்டபம் நமக்கு அந்நியமான இடமல்ல. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களின் சல்லடமும் உருமாலும் தைத்துக் கொடுத்த தையல்காரர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். புத்தகம், பாத்திரம், வளையல் எல்லாம் அங்கே கிடைத்தன. ஏழை ஜனங்களின் கடைத்தெரு அது.

திருமலை நாயக்கர் ஆண்ட 17-ஆம் நூற்றாண்டில், மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்காக அது கட்டப்பட்டது. கட்டியவர் என்று மன்னன் பெயரைச் சொல்கிறோம். கல்லை உடைத்தவன், இழுத்தவன், செதுக்கியவன் பெயரை யார் சொல்கிறார்கள்? அந்த உழைப்பாளிகளின் வாரிசுகள் நாம். ஆகவே அந்தக் கல் நம்முடைய சொத்து. அதைக் காப்பாற்றவேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும்? சென்னை மூர் மார்க்கெட் 1900-இல் திறக்கப்பட்டது. 1985-இல் எரிந்து போயிற்று. பழைய புத்தகம் விற்றுப் பிழைத்தவர்களின் முதல் சாம்பலாயிற்று. அந்த மனையில் ரயில்வே கட்டிடம் எழுந்தது. 2018 பிப்ரவரி 2-ந் தேதி இரவு, மீனாட்சியம்மன் கோவிலிலேயே வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கடைகள் எரிந்தன, கல்தூண்களும் வெடித்தன. தீ கடையையும் விடவில்லை, கல்லையும் விடவில்லை.

ஆகவே புதுமண்டபத்துக் கடைகளுக்கு வேறு இடம் தருவது என்று முடிவாயிற்று. மதுரை 2016-இல் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட நகரம். ஒரு நகரத்துக்கு மத்திய சர்க்கார் 500 கோடி ரூபாய் வரை கொடுக்கும், அதே அளவு மாநிலமும் உள்ளாட்சியும் போடவேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் ஏற்பாடாக இருந்தது. அதன்படி அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரம் புதிய கடைக் கட்டிடமாயிற்று. கடைகள் அங்கே போயின.

யார் பணம் இது? 2017 முதல் நாம் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் சரக்கு-சேவை வரி இருக்கிறது. மில் தொழிலாளி கட்டுகிறான். மிளகாய்க் காட்டில் குனிந்து நிமிருகிறவளும் கட்டுகிறாள். பணம் போட்டவன் கணக்குக் கேட்பான், கேட்கவும் வேண்டும்.

நாம் கேட்பது மூன்று.

ஒன்று: மண்டபத்தைக் காக்கும் பாரத்தைத் தையல்காரன் தலையில் மட்டும் வைக்கக்கூடாது. இடம் மாறினால் வாடிக்கை போகும். புதுக் கட்டிடம் என்று சொல்லி வாடகையை ஏற்றினால், இரண்டு வருஷத்தில் அவன் போய், அந்தக் கடையில் பணக்காரன் உட்காருவான். அப்படியானால் பொதுப்பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

இரண்டு: பழைய மண்டபத்தைப் பழைய முறையில் செப்பனிடவேண்டும். சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி சேர்த்த சாந்துதான் பழைய கல்வேலைக்குப் பொருந்தும். கருப்பட்டி நம் ஜில்லாப் பனையேறிகளின் சரக்கு. சாந்து அரைக்கவும் கல் பொளியவும் ஆள் வேண்டும். அந்தச் செலவில் பெரும்பகுதி கூலியாக உழைப்பாளி வீட்டுக்குப் போகும். சிமெண்டை அப்பினால் காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போகும்.

மூன்று: எவ்வளவு பணம் வந்தது, எதில் செலவாயிற்று, எத்தனை ஆளுக்கு என்ன கூலி என்பதை வேலை நடக்கும் வாசலிலேயே பலகையில் எழுதி வைக்கவேண்டும்.

தோழர் கேட்ட கண்மாய்க்கும் இதே மூன்றும்தான். கண்மாயா, மண்டபமா என்று நம்மையே நமக்குள் மோதவிட்டு, இரண்டிலும் கமிஷன் அடிக்கிறவன் ஒருவன் இருக்கிறான். அவன் வலையில் நாம் விழக்கூடாது. கண்மாயும் நம் பாட்டன் வெட்டியது. மண்டபமும் நம் பாட்டன் கட்டியது. இரண்டுக்கும் சேர்த்தே தீர்மானம் போடுவோம். மதுரைத் தையல்காரனின் கோரிக்கைக்கு நயினார்கோவில் விவசாயக் கூலியும் கை தூக்கினான் என்று ஊர் அறியட்டும்!