எரெக்தியோன் கன்னியர்: உடலே தூணாக நின்றவர்கள்

கட்டடமும் சிற்பமும் ஒன்றாகிவிடும் இடத்தைப் பற்றிப் பேச ஒரு கருத்தரங்கைக் கூட்டி, அதற்குத் தலைமை ஏற்கும் பொறுப்பை எனக்குத் தந்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. நீங்கள் விரித்துப் பேசப்போகும் செய்திகளை நான் முன்கூட்டியே தொட்டுச் செல்வது முறையல்ல. ஒரே ஒரு மண்டபத்தையும் அதில் நிற்கும் ஆறு பெண்களையும் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றில், பார்த்தனானுக்கு வடக்கே நிற்கும் கோயில் எரெக்தியோன். கி.மு. 421 வாக்கில் தொடங்கி 406 வாக்கில் கட்டி முடித்தார்கள். அதன் தெற்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபம். தூண்கள் நிற்க வேண்டிய இடத்தில் அங்கே பெண்கள் நிற்கிறார்கள். முன்வரிசையில் நால்வர், பின்னால் பக்கத்துக்கு ஒருவர். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 2.3 மீட்டர் உயரம், பென்டெலிகான் மலையின் வெண்சலவைக்கல். தலைமேல் கூடை கவிழ்த்ததுபோல் ஒரு போதிகை, அதன்மேல் உத்தரம், அதன்மேல் கற்கூரை. நம் கோயில் மண்டபங்களில் தூணோடு ஒட்டி நிற்கும் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறுபாடு உடனே புலப்படும். நம் மண்டபங்களில் சிற்பத்தின் பின்னால் தூண் இருக்கிறது. பாரம் தூணுக்கு, அழகு சிற்பத்துக்கு. எரெக்தியோனில் பின்னால் எதுவும் இல்லை. கூரையின் பாரம் முழுவதும் அந்தப் பெண்களின் கழுத்து வழியாக, இடை வழியாக, கால் வழியாகவே மேடைக்கு இறங்குகிறது.

இவர்களைக் காரியாடிட் என்று உலகம் அழைக்கிறது. பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறார். காரியே என்ற ஊர் பாரசீகரோடு சேர்ந்துகொண்டதாம். போரில் வென்ற கிரேக்கர் அவ்வூரை அழித்து, ஆண்களைக் கொன்று, பெண்களை அடிமைகளாக்கினார்களாம். அந்தப் பெண்களின் அவமானம் என்றும் நினைவில் நிற்கவேண்டும் என்பதற்காகக் கலைஞர்கள் அவர்களைப் பாரம் சுமப்பவர்களாகக் கட்டடங்களில் வடித்தார்களாம். எரெக்தியோனின் பெயரை அவர் குறிப்பிடவே இல்லை. ஆனாலும் பண்டைய கட்டடக்கலை நூல்களில் முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பது அவருடையது ஒன்றுதான். ஆகவே மறுமலர்ச்சிக் காலம் தொட்டு ஐரோப்பா அக்கதையை அப்படியே ஏற்றுக்கொண்டது. அந்நூலின் 1547ஆம் ஆண்டுப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்குப் படம் வரைந்த சிற்பி ஜான் குழோன், 1550இல் பாரிஸின் லூவர் அரண்மனையில் இசைக்கலைஞர் மாடத்தைத் தாங்கும் நான்கு பெண்களைச் செதுக்கினார். அந்த நால்வருக்கும் கைகளே இல்லை.

கல்லிடம் கேட்டால் அது வேறு கதை சொல்கிறது. டெல்ஃபியில் சிஃப்னோஸ் தீவினர் எழுப்பிய காணிக்கைக் கருவூலத்தின் முகப்பில் இரண்டு பெண்கள் தூணாக நின்றார்கள். அது கி.மு. 525ஐ ஒட்டிய கட்டடம். பாரசீகர் ஏதென்ஸை எரித்தது கி.மு. 480இல். போருக்கு ஒரு தலைமுறைக்கும் முன்பே, தண்டனைக்குரிய குற்றம் நடப்பதற்கு முன்பே, இந்தப் பெண்கள் கூரை தாங்கிக்கொண்டிருந்தார்கள். மேலும் கருவூலம் என்பது தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளை வைக்கும் இடம். அதன் வாயிலில் அடிமைகளை நிறுத்தி யாரும் தெய்வத்தை வரவேற்கமாட்டார்கள்.

எரெக்தியோனுக்கே ஒரு சாட்சி இருக்கிறது. கி.மு. 409இல் கட்டுமானப் பொறுப்பாளர்கள் வேலை எந்த அளவில் நிற்கிறது என்று கல்லில் பொறித்து வைத்தார்கள். கெக்ரோப்ஸ் என்னும் ஆதி மன்னனின் நினைவிடத்தை ஒட்டிய மண்டபத்தில், கன்னியருக்கு மேலுள்ள கூரைக் கற்கள் இன்னும் செதுக்கி முடியவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். கட்டியவர்கள் தம் கையாலேயே எழுதிய இந்தக் கணக்கில் அடிமை இல்லை, தண்டனை இல்லை, காரியே என்ற ஊரும் இல்லை. மன்னனின் நினைவிடத்தருகே நிற்கும் கன்னியர், அவ்வளவுதான்.

அவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஏதென்ஸின் மூலச் சிலைகளில் முன்கைகள் உடைந்துபோயின. ரோமானியப் பேரரசன் ஹேட்ரியன் தன் திவோலி மாளிகைக் குளக்கரையில் நிறுத்திய நகல்கள் 1952இல் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. அவற்றில் கைகள் உண்டு. ஒரு கை ஆடையை இலேசாகப் பிடித்திருக்கிறது. மற்றொரு கையில் தெய்வத்துக்கும் மறைந்தோருக்கும் பானம் வார்க்கும் தட்டையான கிண்ணம். மன்னனின் நினைவிடத்துக்கு நீர்க்கடன் செய்ய வந்த பெண்கள் இவர்கள் என்று பல அறிஞர்கள் கருதுவதற்கு இதுவே காரணம். என் கருத்தும் அதுவே. குனிந்த முதுகு இல்லை, நெரிந்த முகம் இல்லை. சடங்குக்கு வந்தவர்களின் நிமிர்வுதான் அவர்கள் உடலில் இருக்கிறது.

இனி, அந்த உடல் பாரத்தைத் தாங்கும் விதத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மனித உருவைத் தூணாக்கும் சிற்பிக்கு முதல் எதிரி கழுத்து. அகன்ற தலைக்கும் அகன்ற தோளுக்கும் நடுவே ஒல்லியான ஒரு கல். கூரை அமுக்கினால் முறிவது அங்கேதான். எரெக்தியோன் சிற்பி கழுத்தைப் பருமனாக்கவில்லை, கூந்தலைப் பருமனாக்கினான். தடித்த பின்னல்கள் தலையிலிருந்து இறங்கிப் பிடரியைச் சுற்றி முதுகில் விழுகின்றன. முன்புறம் சில குழற்கற்றைகள் தோளில் படிகின்றன. முன்னிருந்து பார்த்தால் மெல்லிய கழுத்து, பின்னிருந்து பார்த்தால் கல்லாலான முட்டு. இதில் கற்பனை மட்டுமே இருந்ததா என்று சோதித்தவர்களும் உண்டு. 2009இல் அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை கேத்தரின் ஷ்வாப், நீண்ட கூந்தலுடைய ஆறு மாணவியருக்குச் சிகையலங்கார வல்லுநர் ஒருவரைக் கொண்டு இதே பின்னல்களைப் போடச் செய்தார். எல்லாப் பின்னல்களும் உண்மைத் தலைமுடியில் அமைந்தன. சிற்பி தன் ஊர்ப் பெண்களைப் பார்த்தே செதுக்கியிருக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நிற்கும் நிலையைப் பாருங்கள். பாரம் இறங்கும் காலின்மேல் ஆடை மடிப்புகள் நேர்க்கோடாக விழுகின்றன, தூணில் வெட்டிய வரிகளைப்போல. மற்றக் காலின் முழங்கால் துணிக்குள் மடங்கி முன்தள்ளுகிறது. மேற்குப் பக்கத்து மூவர் வலக்காலில் ஊன்றியிருக்கிறார்கள், கிழக்குப் பக்கத்து மூவர் இடக்காலில். ஆகவே ஊன்றிய கால்கள் எல்லாம் மண்டபத்தின் வெளிப்புறத்தை நோக்கி அமைந்து, இருபுறமும் உறுதியான ஓரமாகின்றன. சிற்பிக்குக் கட்டடக் கலைஞனும் கைகொடுத்திருக்கிறான். உத்தரத்துக்கும் கொடுங்கைக்கும் நடுவே வழக்கமாக வரும் சிற்பப் பட்டையை இந்த மண்டபத்தில் மட்டும் விட்டுவிட்டான். பெண்களின் தலைமேல் பாரமும் குறைந்தது, பார்ப்பவர் கண்ணுக்கும் அது பாரமாகத் தெரியவில்லை.

இந்தக் கூட்டு உழைப்பு இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் தேவாலயம் உதாரணம். 1819 முதல் 1822 வரை கட்டப்பட்டது. எரெக்தியோனைப் பின்பற்றி அங்கேயும் பெண்களை நிறுத்தினார்கள். ஆனால் அவர்கள் சுடுமண் துண்டுகளால் ஆனவர்கள். உள்ளே வார்ப்பிரும்புத் தூண் பாரத்தைச் சுமக்கிறது; பெண்ணுருவம் அதற்குப் போர்வை. அழகாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை எடுத்துவிட்டாலும் கூரை நிற்கும். ஏதென்ஸில் அப்படி எடுக்க முடியாது.

எடுத்தார்கள் என்பதுதான் வேதனை. உதுமானியப் பேரரசில் பிரிட்டன் தூதராக இருந்த எல்கின் பிரபுவின் ஆட்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முன்வரிசையில் மேற்கிலிருந்து இரண்டாவதாக நின்றவளைப் பெயர்த்தெடுத்தார்கள். கூரையைத் தாங்க அவளிடத்தில் முட்டுத்தூண் ஒன்று வைக்கவேண்டியதாயிற்று. 1816இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எல்கினின் சேகரிப்பை 35,000 பவுண்டுக்கு வாங்கி லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சேர்த்தது. எஞ்சிய ஐவரும் பிற்காலப் போரையும், பழுதுபார்க்க வைத்த இரும்பின் துருவையும், பின்னர் நகரத்துப் புகையையும் தாங்கினார்கள். காற்றிலுள்ள கந்தகம் சலவைக்கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக்கி உதிரச் செய்தது. 1970களின் இறுதியில் அவர்களை உள்ளே கொண்டுபோய், மண்டபத்தில் நகல்களை நிறுத்தினார்கள். 2009இல் திறக்கப்பட்ட புதிய அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்களின் கண்முன்னேயே லேசர் ஒளியால் கரியை அகற்றினார்கள். ஐவரும் அங்கே பழைய வரிசையிலேயே நிற்கிறார்கள். ஆறாமவளின் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

அவள் திரும்பி வரவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தனிச்சிலை என்றால் எங்கிருந்தாலும் சிலைதான் என்று வாதாடலாம். இவள் தனிச்சிலையாகச் செதுக்கப்பட்டவள் அல்லள். வலக்காலில் ஊன்றிய மூவரில் ஒருத்தி. அவளது நிற்பின் பொருள் மற்ற ஐவரின் நிற்பில் இருக்கிறது. லண்டனில் அவள் அழகைக் காணலாம். அவள் அப்படி நிற்பதன் காரணத்தைக் காண முடியாது.

கட்டுரை படிக்கவிருக்கும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பாரம் தாங்கும் எந்தச் சிற்பத்தை எடுத்துக்கொண்டாலும், அதைப் பற்றி நூல்கள் சொன்ன கதையைப் படிக்குமுன் அதன் பின்புறத்தைப் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் கல் தடிக்கிறது, எந்த இடத்தில் மெலிகிறது, பாரம் எந்த வழியே இறங்குகிறது என்று அளந்து வரைந்துகொள்ளுங்கள். அந்த வரைபடத்தைக் கட்டுரையின் முதல் பக்கத்தில் வையுங்கள். விட்ருவியஸை இரண்டாம் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். முதல் அமர்வு தொடங்கட்டும்.