தூமோன் விரிகுடா
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)

 

இத்தகைய மேடைகளில் பூம்புகாரைப் பற்றியோ மாமல்லபுரத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். நாம் இன்று சற்றுத் தொலைவு செல்லத் துணிந்துள்ளோம். நாள் முழுதும் பிறர் பயணத்திற்குச் சீட்டு வழங்கும் நமக்கு, இருப்புப்பாதை எட்டாத ஊருக்குப் போகும் ஆசை எழுவது இயல்பே அன்றோ? ஆயினும் நேரிற் கண்டதன்று, நூல்களிற் படித்தறிந்ததே.

பசிபிக் பெருங்கடலில், பிலிப்பைன்ஸ் நாட்டிற்குக் கிழக்கே, குவாம் என்னும் தீவு உள்ளது. நீளம் ஏறக்குறைய 30 மைல். இன்று அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டது. அதன் மேற்குக் கரையில் பிறைபோல் வளைந்து கிடப்பது தூமோன் விரிகுடா. பவளப்பாறைத் தொடர் ஒன்று அலைகளைத் தொலைவிலேயே தடுத்து நிறுத்துவதால், கரையோர நீர் குளம்போல் அமைதியாக இருக்கும். வடகோடியில் செங்குத்தான பாறை. காதலர் இருவர் தம் கூந்தலை ஒன்றாக முடிந்துகொண்டு அங்கிருந்து கடலிற் குதித்தனர் என்பது அத்தீவினர் வழங்கும் கதை. கரையை ஒட்டி இப்போது உயர்ந்த விடுதிகள் நிற்கின்றன.

அவ்விடுதிகளுக்காக நிலத்தைத் தோண்டியபோது பழஞ் சமோரோ மக்களின் எலும்புகள் வெளிப்பட்டன. அம்மக்களின் முன்னோர் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் மரக்கலம் ஏறி வந்து குடியேறியவர்கள். பிற்காலத்தில் 'லத்தே' எனும் கற்றூண்களின்மேல் வீடு எழுப்பினர். தூண்கள் இரு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் கிண்ணம் வைத்தாற்போல் ஒரு கல். இறந்தோரை வீட்டின் அருகிலேயே அடக்கம் செய்தனர்.

1668 ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் சான் வித்தோரெஸ் சமயம் பரப்ப அங்கு வந்தார். 1672 ஏப்ரல் 2 ஆம் நாள், மத்தாபாங் என்னும் தலைவனின் விருப்பத்திற்கு மாறாக அவன் பெண்குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வித்தார். அன்றே தூமோனில் கொல்லப்பட்டார். முன்பே மூண்டிருந்த பகை பின்னும் வளர்ந்தது. போர்களும் கொள்ளைநோய்களும் அவ்வினத்தைப் பெரிதும் அழித்தன. இன்று அக்கரையின் பெருஞ்சாலைக்குப் பாதிரியாரின் பெயர். கடற்கரைப் பூங்கா ஒன்றிற்கு மத்தாபாங்கின் பெயர். கொன்றவனும் கொல்லப்பட்டவரும் இவ்வாறு அண்டைவீட்டாராய் வாழ்வதை நாம் வேறெங்கும் படித்ததில்லை.

நம்மை உறுத்தியது அதனினும் வேறு. ஸ்பானியர் ஆட்சியில் சமோரோ மக்கள் தம் எண்ணுப்பெயர்களையே இழந்தனர். ஸ்பானிய மொழியின் ஒன்று, இரண்டு, மூன்றே அவர்கள் நாவில் தங்கின. பின்வந்த அமெரிக்கக் கடற்படை ஆட்சி, 1917 இல் சமோரோ மொழி பேசுவதற்கே தடை விதித்தது. பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1974 இல்தான் அது ஆங்கிலத்துடன் ஆட்சிமொழி ஆயிற்று.

இத்தனைக்கும் பின் எஞ்சியது எது தெரியுமா? நெல்! ஐரோப்பியர் வருமுன்பே அத்தீவினர் நெல் விளைவித்தவர்கள். வயலில் நிற்கும் நெல் 'ஃபாஇ', அரிசி 'புகஸ்', சோறு 'ஹினெக்ஸா'. மூன்றிற்கும் மூன்று சொற்கள், நம்மைப் போலவே. பாக்கிற்கும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பிற்கும்கூடத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மூன்றையும் சேர்த்து மெல்லும் பழக்கமும் உண்டு. பெரியோரைக் கண்டால் இளையோர் குனிந்து, அவர்தம் கையை முகத்தருகே கொண்டு வணங்குவர்.

இதைப் படித்த இரவு நம் வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்ல வெட்கமாக உள்ளது. சாப்பிட அமர்ந்த இளைய மகள், "அம்மா, இன்னும் கொஞ்சம் சாவல் போடு" என்றாள். மூட்டையில் இருப்பது என்னவென்று கேட்டோம். "அதுவும் சாவல்தானே அப்பா!" என்றாள். நெல்லை அவள் கண்டதே இல்லை. அவளைத் தடை செய்தவர் எவருமில்லை. தண்டித்த ஆசிரியரும் இல்லை. அலுவலகத்திலிருந்து திரும்பி, களைப்பில் அவளோடு இந்தியிலேயே பேசிவந்தது நாம்தான். இல்லாளும் அன்று வாய் திறக்கவில்லை. மறுநாள் கடைத்தெருவில் நெல் தேடி அலைந்து, கிடைக்காமல், ஊரிலிருக்கும் தமையனாருக்கு எழுதினோம். ஒரு கைப்பிடி நெல் அஞ்சலில் வந்தது. அதை இப்போது இம்மேசைமேல் வைத்துள்ளோம். குழந்தைகள் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்கட்டில் சோறு வடித்தாகிவிட்டதாம். வணக்கம்.