ஊர்ப் பெயரே திறவுகோல்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மூதாதையர் வாழ்ந்த ஊரைப் பழைய ஏடுகளைக் கொண்டு அறிவது எங்ஙனம் என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். யாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், ஆராய்ச்சியாளர் அல்லோம். ஆயினும் ரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் பதிவேடு எழுதுவதும், எழுதியதைத் தேடி எடுப்பதுமே எம் தொழில். ஓர் ஏடு எப்போது பேசும், எப்போது வாய் மூடியிருக்கும் என்பது எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு ஒருவாறு தெரியும். அவ்வளவில் பேசுகின்றோம்.

நம் கரக்பூர் வங்காள நாகபுரி ரயில்வேயால் வளர்ந்த ஊர். 1887-ஆம் ஆண்டில் தோன்றிய அந்தக் கம்பெனியின் பாதைகளே 1955-இல் தென்கிழக்கு ரயில்வே ஆயின. பாதை போடவும், பட்டறையில் சம்மட்டி அடிக்கவும், கணக்கு எழுதவும் தென்னாட்டிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே இங்கு வீற்றிருக்கும் நம்மிற் பலர். இன்று நம் பிள்ளைகளிடம், "உன் ஊர் எது?" என்று கேட்டால், "கரக்பூர்" என்கிறார்கள். அது முற்றிலும் சரியே. "அதற்கு முன்னே?" என்றால், "மெட்ராஸ் பக்கம்" என்கிறார்கள். மெட்ராஸ் பக்கம் என்று ஓர் ஊர் எந்த ஏட்டிலும் இல்லை என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

இது வெறும் ஆசைக்காகச் செய்யும் தேடலன்று. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வெளிவந்தது. வேறு மாநிலத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை சாதிச் சான்றிதழ் கேட்கும்போது, அந்நாளில் அக்குடும்பத்தின் நிலையான ஊர் எது என்ற கேள்வி எழுகின்றது. தந்தைக்குப் பூர்விக மாநிலத்தில் வழங்கிய சான்றிதழைக் காட்டும்படியும் கேட்கின்றனர். ஊர் தெரியாத வீட்டுப் பிள்ளை அந்தச் சாளரத்தின் முன் என்ன சொல்லும்?

முதலில், இல்லாததைத் தேடி அலையாமலிருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுத்தார்களே, அதில் நம் பாட்டனார் பெயர் இருக்குமே எனச் சிலர் எண்ணுவர். 1948-ஆம் ஆண்டின் குடிக்கணக்குச் சட்டப்படி, தனி மனிதர் பற்றிய அக்குறிப்புகளை எவரும் பார்வையிட இயலாது. நமக்குக் கிடைப்பன மொத்த எண்ணிக்கைகளே.

இனி, இருப்பவற்றைக் காண்போம். ரயில்வே ஊழியரின் பணிப்பதிவேடு முதலாவது. அதன் முதற் பக்கத்தில் தந்தை பெயர், இருப்பிடம், பிறந்த நாள், உயரம், உடலிலுள்ள மச்சம், தழும்பு, இடக்கை விரல்ரேகை ஆகியன பதியப்பெறும். ஆனால் அலுவலக ஏடுகள் என்றும் நிலைப்பன அல்ல. காலக்கெடு கடந்தவை கழிக்கப்படும். ஆகவே பாட்டனார் கையிலிருந்த நகல், ஓய்வூதிய ஆணை, சேமநிதித் தாள் ஆகியவற்றை வீட்டில்தான் தேட வேண்டும்.

இரண்டாவது நில ஏடுகள். பட்டா, சிட்டா, அடங்கல், நிலவரித் திட்டப் பதிவேடு முதலியவற்றில் உடையவர் பெயர், புல எண், பரப்பு, தீர்வை ஆகியன காணப்படும். முன்னாளில் இவற்றைக் கணக்குப்பிள்ளை வைத்திருந்தார். அப்பரம்பரைப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டு, இன்று கிராம நிர்வாக அலுவலர் உள்ளார். மூன்றாவது சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரங்கள்: விற்றவர், வாங்கியவர், அவர்தம் தந்தையர், குடியிருந்த ஊர் அனைத்தும் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். நான்காவது பிறப்பு இறப்புப் பதிவு. சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டிலேயே அதற்கெனச் சட்டம் வந்தது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், கிறித்துவக் குடும்பங்களுக்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இவற்றிற்கெல்லாம் மேலாக, சென்னை எழும்பூரில் 1909-ஆம் ஆண்டில் எழுந்த கட்டடத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கின்றது.

இந்த ஏடுகளைப் படிக்கும்போது மூன்று இடங்களில் கால் இடறும். ஒன்று, ஆண்டு. பழைய நில ஏடுகளில் பசலி ஆண்டே இருக்கும். அதனுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1320 என்பது 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. பெரியவர்களோ தமிழ் ஆண்டுப் பெயரைச் சொல்வார்கள். அப்பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். "தாது வருஷத்தில் ஊரை விட்டார்கள்" என்றால், பெரும் பஞ்சம் வந்த 1876-ஆ, 1936-ஆ என்பதைத் தலைமுறையை எண்ணித் தெளிய வேண்டும்.

இரண்டு, ஜில்லா. "தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா" என்று தாத்தா எழுதியிருப்பார். அந்த மாயவரம் இன்றைய மயிலாடுதுறை. அது 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்திற் சேர்ந்தது. 2020-இல் தானே ஒரு மாவட்டமாயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, விலாசம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. வட ஆற்காடு 1989-இலும், தென் ஆற்காடு 1993-இலும் இவ்வாறே பிரிந்தன.

மூன்று, அளவு. "மூன்று மா நிலம்" என்று தஞ்சைப் பகுதிப் பத்திரத்தில் கண்டால் திகைக்க வேண்டா. இருபது மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். புல எண்ணின் உட்பிரிவுகள் பிற்காலத்தில் மாறியிருக்கக்கூடும். ஆகவே பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு நேரான புதிய எண்ணைக் கேட்பதே முறை.

அன்பர்களே, இத்தனை ஏடுகளுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. நில ஏடுகள் மாவட்டம், வட்டம், கிராமம் என்று ஊர்வாரியாக அடுக்கப்பட்டவை. பத்திரம், பிறப்பு, பள்ளி ஆகியவற்றின் ஏடுகளும் அந்தந்த வட்டார அலுவலகத்திலேயே கிடப்பவை. "முத்துசாமியின் பேரன் நான்" என்று போய் நின்றால் எந்த அலுவலகக் கதவும் திறவாது. இன்று பட்டாவை இணையத்திலேயே காணலாம். அங்கும் மாவட்டம் எது, வட்டம் எது, கிராமம் எது என்றே முதலில் கேட்கிறார்கள். ஊரைக் கண்டுபிடிக்க ஏட்டைத் தேடுகிறோம். ஏடோ, ஊரைச் சொன்னால்தான் திறப்பேன் என்கிறது! அந்த ஊர்ப் பெயர் எந்த அலுவலகத்திலும் இல்லை. அது நம் வீட்டுத் திண்ணையில், எழுபதையும் எண்பதையும் கடந்த ஒருவரின் நினைவில் இருக்கின்றது.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1860 முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறினர். அவர்களிற் பெரும்பகுதியினர் சென்னையில் ஏறியவர்கள். அந்தக் கப்பற் பட்டியல்களில் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, கிராமம், தாலுகா, ஜில்லா, உடல் தழும்பு வரை எழுதப்பட்டது. அவர்களின் நலம் கருதி எழுதியதன்று. கணக்குத் தவறாதிருக்க எழுதியது. ஆயினும் தென்னாப்பிரிக்காவிலுள்ள அவர்தம் கொள்ளுப்பேரர் அதைக்கொண்டு ஊரை அறிய முடிகின்றது. ரயிலேறி வந்த நம் முன்னோரின் ஊரை அவ்வாறு எழுதி வைத்தவர் இலர். ரயில் டிக்கெட்டில் ஏறிய நிலையம் இருக்கும். பிறந்த ஊர் இராது.

மேலும், பட்டாவில் நிலம் உடையவர் பெயரே உண்டு. உழுதவர் பெயர் இல்லை. பெண்கள் பெயரும் அரிதே. நம்மவருட் பலர் ஊரை விட்டதே உழ நிலம் இல்லாமையால் அன்றோ! அவர்களுக்கு வாய்மொழியே பட்டா. பாட்டியின் நினைவே பதிவேடு.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்தையும் வேண்டுகிறோம். இம்மாதத்திற்குள் வீட்டிலுள்ள முதியவரிடம் உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதுங்கள். பெயருக்கு முன்னுள்ள தலையெழுத்துகளில் முதலாவது ஊரைக் குறிக்கின்றதா? குலதெய்வக் கோயில் எங்கே? அருகிலுள்ள ரயில் நிலையம் எது, ஆறு எது, சந்தை எந்தக் கிழமை? பாட்டி பிறந்த ஊர் எது, அவர் தாயார் பெயர் என்ன? பழைய கலியாணப் பத்திரிகை ஒன்று அகப்பட்டால் அதைத் தங்கம் போலக் காத்திடுங்கள். இருவீட்டார் ஊரும், பாட்டனார் பெயரும் அதில் இருக்கும்.

இறுதியாக ஒன்று. நாம் வாழும் குவார்ட்டர்ஸ் நமதன்று. ஓய்வு பெற்றதும் குறித்த காலத்தில் காலி செய்கிறோம். அந்த அவசரத்தில் டிரங்குப் பெட்டியிலுள்ள பழுப்பேறிய தாள்கள் பழைய காகித வியாபாரியின் தராசுக்குப் போகின்றன. எடைக்கு விற்றால் தேநீர்க் காசுகூடத் தேறாத அத்தாள்களில், ஒரு குடும்பத்தின் ஊர் இருக்கக்கூடும். பெட்டியைக் காலி செய்யுமுன் சங்கத்திற்கு ஒரு சொல் அனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் வந்து, ஒவ்வொரு தாளாகப் பார்த்துத் தருவர். ஒவ்வொரு குடும்பத்தின் ஊர், வட்டம், ஜில்லா ஆகியவற்றைப் பதியச் சங்கம் ஒரு பேரேடு தொடங்க வேண்டுமெனவும் ஆட்சிக்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். அதை எழுதும் பணியை யாமே மகிழ்வுடன் ஏற்போம்.

ஏடுகள் காத்திருக்கும், பெரியவர்கள் காத்திருக்க இயலாது. முதலில் அவர்களைக் கேளுங்கள்.