குத்தகை நிலமும் கூட்டுத் தோட்டமும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் வளவுகளில் கல்வி விளக்கை அணையாது காத்து வரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில் பேசும் வாய்ப்பை நல்கிய செயற்குழுவினர்க்கு நன்றி. பள்ளித் தலைமையாசிரியர் என்பதால் தேர்வு, மதிப்பெண், உதவித்தொகை ஆகியவை குறித்தே பேசுவோம் என எதிர்பார்த்திருப்பீர்கள். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. சிறு நிலம் ஒன்றைக் கூட்டாகக் குத்தகைக்குப் பெற்றுக் காய்கனி பயிரிடுவது பற்றியே சொல்ல விழைகின்றோம். இதுவும் கல்விதான் என்பதை இறுதியில் நீங்களே ஒப்புவீர்கள்.

சென்ற மாதம் இளைஞர் கூட்டத்தில் இக்கருத்தைச் சொன்னபோது, திருப்பூர்ப் பனியன் நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர் எழுந்து, “ஐயா, மண்வெட்டியை விடுவதற்காகத்தானே எங்களைப் படிக்க வைத்தீர்கள்? மறுபடியும் அதையே எடுக்கச் சொல்வது முறையா?” என்று வினவினார். அவ்வினாவில் நியாயம் உண்டு. அதனை ஒதுக்கிவிட்டு மேலே செல்லுதல் தகாது.

கொங்கு நாட்டுத் தோட்டங்கள் கிணற்று நீரால் விளைந்தவை. மின்மோட்டார் வருவதற்கு முன் அந்நீரைக் கவலை ஓட்டி இறைத்தனர். கவலைக்குரிய தோற்பறியைத் தைத்தவர்கள் யார்? பண்ணையத்தில் இருந்து வாய்க்காலில் தண்ணீர் கட்டியவர்கள் யார்? பள்ளி செல்ல வேண்டிய வயதில் மாடு மேய்த்தவர்கள் யார்? நம் பாட்டனும் பாட்டியுமே. நீர் நம் கைவழி ஏறியது. பாய்ந்த நிலம் மட்டும் நமதன்று. ஆகவே மண்வெட்டி என்றதும் இளைஞர்க்கு அவமானம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அவமானம் மண்வெட்டியில் இருந்ததா, அதனை ஏவிய குரலில் இருந்ததா என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எப்போது விதைப்பது, எதை விதைப்பது, யாருக்கு விற்பது என்பவற்றை முடிவு செய்யும் உரிமை ஒருநாளும் நம் முன்னோர்க்கு இருந்ததில்லை. அவ்வுரிமையைக் கால் ஏக்கரிலேனும் நாம் பழக வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

“கால் ஏக்கரில் என்ன கிடைத்துவிடும்?” என்பது அடுத்த வினா. அண்ணல் அம்பேத்கர் 1918ஆம் ஆண்டு இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒரு நிலம் சிறிதா பெரிதா என்பதை அதன் பரப்பு மட்டும் சொல்லாது. அதில் இடப்படும் உழைப்பும் முதலும் அதற்குப் பொருந்துகின்றனவா என்பதே அதனை முடிவு செய்யும் என்பது அக்கட்டுரையின் சாரம். நிலத்தையே நம்பி நிற்கும் மிகுதியான உழைப்பாளரைத் தொழில்துறை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர் அதில் வற்புறுத்தினார். எனவே பனியன் நிறுவன வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று நாம் சொல்லவில்லை. இத்தோட்டம் ஒருவர்க்கும் முழுப் பிழைப்பாகாது. அப்படிச் சொல்லி எவரையும் அழைப்பது பொய்யாகும்.

இங்கிலாந்து நாட்டில் நகரத் தொழிலாளர்க்குச் சிறு தோட்ட நிலங்களை உள்ளாட்சி மன்றங்கள் வாடகைக்கு விடும் வழக்கம் உண்டு. 1908ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வலுப்படுத்தியது. அங்கு ஒரு குடும்பத்துக்கெனக் கருதப்படும் வழக்கமான அளவு, நம் கணக்கில் ஆறேகால் சென்ட். ஆலைவேலை முடிந்து வந்து மாலையில் கொத்தி விதைத்து, வீட்டுக்கு வேண்டிய காய்களை எடுப்பர். நம் கால் ஏக்கரில் அத்தகைய நான்கு பங்குகள் அடங்கும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இரத்தசோகை உள்ளது. நம் வளவில் கீரையும் பப்பாளியும் தங்குதடையின்றிக் கிடைப்பது சிறு செய்தியன்று.

இனி எங்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லுகின்றோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தரிசாய்க் கிடந்த நாற்பது சென்ட் நிலத்தை ஒருவரிடம் வாய்ச்சொல்லாகக் குத்தகைக்குப் பெற்றோம். எட்டு இளைஞர்களும் ஐந்து தாய்மார்களும் சேர்ந்து சீமைக்கருவேலத்தை வேரோடு தோண்டி, வண்டி வண்டியாய்ச் சாணி எரு சேர்த்தோம். முதற்பட்டத்தில் வெண்டையும் கத்தரியும் நன்கு வந்தன. துணிந்து அறுபது பப்பாளிக் கன்றுகளை நட்டோம். அவை காய்த்து நின்ற மாதத்தில், நிலம் வேறு தேவைக்கு வேண்டும், விட்டுவிடுங்கள் என்று உரியவர் கூறிவிட்டார். காட்டுவதற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பழுக்காத காய்களை மரத்திலேயே விட்டு வெளியேறினோம்.

உரியவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், ஒரு தாளில் எழுதி வாங்காமல் அவர்களை நிலத்தில் இறக்கினோம். அப்பிழை எம்முடையது. அன்று வெளியேறிய இளைஞருள் இருவர் இன்றுவரை எந்தக் கூட்டு முயற்சிக்கும் வருவதில்லை. அறுபது மரங்களினும் பெரிய இழப்பு அதுவே.

தாள் இன்றி நிலம் இழந்தது நம் இனத்துக்குப் புதிதன்று. தாள் இருந்தும் இழந்திருக்கின்றோம். செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891ஆம் ஆண்டு அளித்த அறிக்கையின் பயனாக, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன்பின்னும் நம் மக்களுக்கன்றிப் பிறருக்குக் கைம்மாற்றலாகாது என்ற நிபந்தனைகளுடன் வழங்கப்பட்ட அந்தப் பஞ்சமி நிலங்கள், சென்னை மாகாணம் முழுதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் எனக் கூறப்படுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. தாளில் எழுதியிருந்ததைப் படிக்க நம் முன்னோர்க்குக் கல்வி இல்லை. படித்துச் சொல்ல ஆளும் இல்லை. அந்நிலங்களை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். நிலமும் எழுத்தும் இணைந்தவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிற மாநிலங்களில் நம் போன்றோர் செய்தவற்றையும் அறிந்துகொள்வோம். பஞ்சாபில் 1961ஆம் ஆண்டுக் கிராமப் பொதுநிலச் சட்டத்தின் கீழ், ஊராட்சிச் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழ்த்தப்பட்ட மக்களுக்கே ஏலக் குத்தகையாக விடப்பட வேண்டும். நெடுங்காலம் பெருநிலக்காரர்கள் தம் பண்ணையாட்களின் பெயரில் ஏலம் எடுத்துத் தாமே உழுது வந்தனர். சங்ரூர் மாவட்டத்துப் பென்ரா என்னும் ஊரில் நம் மக்கள் ஒன்றுகூடிக் கூட்டாகக் குத்தகை எடுத்து வழிகாட்டினர். 2014இல் பலத் கலான் ஊரினர் அதற்காகத் தடியடியும் சிறையும் கண்ட பின்னரே நிலம் பெற்றனர். அங்கு விளைந்தவற்றுள் பெண்கள் பெரிதும் போற்றியது மாட்டுத்தீவனத்தை. பிறர் வரப்பில் புல்லறுக்கச் சென்று வசைச்சொல் கேட்கும் நிலை அதனால் நீங்கியது.

வாளையாற்றைக் கடந்தால் கேரளம். 1998இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீ இயக்கத்தில், நான்கு முதல் பத்துப் பெண்கள் ஒரு குழுவாய்ச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று நெல், வாழை, கிழங்கு, காய்கறி ஆகியவற்றை விளைவிக்கின்றனர். குழுவின் பெயரிலேயே வங்கிக் கடனும் பெறுகின்றனர். தனியாள் கேட்டால் திறவாத கதவு குழுவுக்குத் திறக்கின்றது.

இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டே மூன்றாண்டுகளுக்கு முன் மீண்டும் தொடங்கினோம். இம்முறை இருபத்தைந்து சென்ட், மூன்றாண்டுக் குத்தகை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தல் வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். சார்பதிவாளர் அலுவலகத்தில் குழுவின் சார்பாகக் கையொப்பமிட்டவர் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு தாய். அவர் தந்தை வாழ்நாள் முழுதும் கைநாட்டு வைத்தவர். எழுதி முடித்ததும் அவ்வம்மையார் தம் பெயரை இருமுறை படித்துப் பார்த்தார். அருகிருந்த நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

தொடங்க விரும்பும் வளவினர் நினைவில் கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, சிட்டாவும் அடங்கலும் பார்த்து, நிலம் யார் பெயரில் உள்ளது என உறுதி செய்யுங்கள். குத்தகைக்காலம், தொகை, விளைந்து நிற்கும் பயிரை எடுத்துக்கொள்ளும் உரிமை ஆகிய மூன்றும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். கிணற்றில் எந்த நாள், எத்தனை மணி நேரம் நம் முறை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். தண்ணீர் இல்லாத குத்தகை வெறுங்காட்டுக் குத்தகையே. குத்தகை நிலத்தில் நம் செலவில் ஆழ்துளைக் கிணறு தோண்டுதல் வேண்டா.

மூன்றாவது, காலத்துக்கேற்ற பயிர். கீரை இருபத்தைந்து நாளில் கைக்கு வரும். வெண்டை நாற்பத்தைந்து நாளில் பறிப்புக்கு வரும். சின்ன வெங்காயம் மூன்று மாதத்துக்குள் முடியும். ஓராண்டுக் குத்தகைக்கு இவை போதும். செடிமுருங்கைக்கு ஆறு மாதம், பப்பாளிக்குப் பத்து மாதம், வாழைக்கு ஓராண்டு வேண்டும். இவற்றுக்குக் குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுக் குத்தகை இருத்தல் நலம். கொய்யா, சப்போட்டா, மா ஆகியவற்றை நீண்டகால உரிமை இன்றி நடாதீர்கள். விதைக்கும் அறிவுரைக்கும் நம் கோவையிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளது; தயங்காது சென்று கேளுங்கள்.

நான்காவது, கணக்கு. எங்கள் தோட்டத்தில் விளைவதில் முதற்பங்கு உழைத்தவர் வீட்டுக்கு. அடுத்தது மாலை வகுப்புப் பிள்ளைகளின் உணவுக்கு. எஞ்சியதை விற்றுக் குத்தகையும் விதைச்செலவும் கட்டுகின்றோம். மாதத்தின் முதல் ஞாயிறன்று வரவு செலவை அனைவர் முன்னும் படிக்கின்றோம். படிப்பவர் ஒவ்வொரு மாதமும் ஒரு மாணவர். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நாற்பது ரூபாய் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துச் செயலாளரையே கேள்வி கேட்டாள். எந்தப் பாடநூலும் தராத பாடம் அது.

ஐந்தாவது, உழைப்பில் ஆண்களும் சரிபங்கு ஏற்க வேண்டும். பகலெல்லாம் கூலிவேலை செய்த தாய்மாரிடம் மாலையில் களைக்கொத்தையும் தந்துவிட்டு, இளைஞர்கள் கையெழுத்துக்கு மட்டும் வந்து நிற்பது கூட்டுறவாகாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. குத்தகைத் தோட்டம் கிடைத்துவிட்டது என்று நில உரிமைக் கோரிக்கையை மறந்துவிடலாகாது. 1947இல் அண்ணல் அளித்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் அறிக்கை, நிலம் அரசின் உடைமையாகிச் சாதி வேறுபாடின்றி ஊர்மக்களுக்குக் கூட்டுப் பண்ணைகளாக விடப்பட வேண்டும் என்றது. அந்நாள் வரவில்லை. பஞ்சமி நிலம் மீட்கப்பட வேண்டும். நிலமற்றோர்க்கு நிலம் வேண்டும். அக்கோரிக்கையைத் தாளும் கணக்கும் பழகிய கைகளோடு எழுப்புவோம் என்பதே நம் கருத்து.

வெள்ளி விழா நினைவாக இச்சங்கம் ஒவ்வொரு வளவிலும் ஒரு தோட்டக்குழு அமைக்கவும், முதற்குத்தகைத் தொகையைத் திரும்பத் தரும் கடனாக வழங்கவும் முன்வர வேண்டுகின்றோம். எங்கள் குத்தகை வரும் தை மாதத்துடன் முடிகின்றது. நிலத்துக்குரியவர் மேலும் பத்தாண்டுகள் எழுதித் தர இசைந்துள்ளார். பத்திரம் பதிவானதும் வரப்போரம் நான்கு கொய்யாக் கன்றுகள் நடுவதென முடிவு செய்துள்ளோம். அன்று வினா எழுப்பிய பனியன் நிறுவனக் கணக்கரைக் குழி தோண்ட அழைத்திருக்கின்றோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வாருங்கள்.